ஆ சோவின் ஓலை விசிறி

என் சமையலறை ஆணியில் ஓரம் கருகிய ஓலை விசிறி ஒன்று தொங்குகிறது. மருமகள் இரண்டு முறை அதைக் குப்பையில் போடப் பார்த்து, இரண்டு முறையும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அது பழைய வீட்டில் எங்கள் பக்கத்தில் குடியிருந்த ஆ சோ எங்களுக்குக் கொடுத்தது. அந்தச் சீன அம்மாவை அந்த மாடியே அப்படித்தான் கூப்பிட்டது.

அறுபதுகளில் நாங்கள் ஃபேரர் பார்க்கில் இருந்த பெரியப்பா வீட்டை விட்டு, கேலாங் பக்கம் அடுக்குமாடியின் ஏழாவது மாடிக்குக் குடிபோனோம். பெரியப்பா வீட்டுப் பொங்கலில் அம்மாவின் வேலை அடுப்புக்கு விறகு தள்ளுவது மட்டுமே. பானையில் ஒரு பிடி அரிசி போட அவளை யாரும் கூப்பிட்டதில்லை. புது வீட்டில் தானே பொங்கல் வைக்கப்போவதாக அவள் சொன்னதும் பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது. மண் இல்லை, முற்றம் இல்லை, ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு என்ன பொங்கல் என்றார். அப்பா வழக்கம்போல் இருவருக்கும் தலையாட்டினார்.

“ஒரு தடவை வெச்சுப் பாக்குறேன் மாமா. பொங்கலைன்னா, இனிமே எல்லா வருஷமும் உங்க வீட்டுக்கே வந்துடுறோம்,” என்றாள் அம்மா. தோற்றால் மறுபடியும் விறகு தள்ளத்தான் போக வேண்டும். அந்த வீட்டில் அவள் புகையில் கண் கலங்கி நின்றதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்!

பொங்கலன்று விடிந்ததும் கிழக்குப் பார்த்த பொது நடைபாதையில் கோலம் போட்டு, கரி அடுப்பை மூட்டினாள். பெரியப்பா நாற்காலி போட்டு, தீர்ப்புச் சொல்ல வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். பால் நுரைத்து விளிம்பைத் தொடும் நேரம், கதவைத் திறந்த ஆ சோ பதறிப்போனாள். “சூசு தும்பா!” பால் கொட்டுகிறதாம். நாங்கள் வாய் திறப்பதற்குள் கைத்துணியால் பானையைப் பிடித்துக் கீழே இறக்கி வைத்துவிட்டாள். பாலைக் காப்பாற்றிய பெருமிதம் அவள் முகத்தில். நுரை அப்படியே அடங்கியது.

“அவ்வளவுதான். சகுனமே சரியில்ல. கிளம்புங்க, நம்ம வீட்டுல பானை ஏறியிருக்கும்,” என்று பெரியப்பா எழுந்தார்.

அம்மா அசையவில்லை. பானையைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். பால் வழியத்தான் வேண்டும், அதுதான் எங்களுக்கு நல்லது என்று தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் ஆ சோவிடம் சொன்னாள். “பியார்லா, ஆ சோ. விடு, வழியட்டும்.”

ஆ சோ உள்ளே ஓடிப்போய் இந்த விசிறியோடு வந்தாள். தப்பு தன்னுடையது என்பதுபோல் அடுப்பின் முன் குந்தி, வியர்க்க வியர்க்க விசிறினாள். தணல் சிவந்தது. விசிறியின் ஓரம் பொசுங்கியது, அவள் நிறுத்தவில்லை. பால் எழும்பி, தயங்கி, பிறகு கிழக்குப் பக்கமாகவே வழிந்து தணலில் சீறியது. முதலில் “பொங்கலோ பொங்கல்!” என்று கத்தியவர் யார் தெரியுமா? பெரியப்பா. கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. அம்மா இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் போட்டாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த வருஷம் பெரியப்பாவே கரும்போடு மாடியேறி வந்தார். புதிதாகக் குடிவந்த ஒருத்தி பால் பொங்குவதைப் பார்த்து ஓடிவர, ஆ சோ கையை விரித்து மறித்தாள். “பியார், பியார்!”

இப்போது ஜூரோங் வீட்டில் என்னுடையது மின் அடுப்பு. பால் வழிந்தால் பதறிப்போய்க் கீச்சிட்டுத் தானே அணைந்துவிடும், அந்தக் கால ஆ சோவைப் போல. “பியார்லா,” என்று அதை அதட்டி மறுபடி போடுவேன். விசிறத் தணல் இல்லாவிட்டாலும் ஆணியிலிருந்து விசிறியை எடுத்து மூன்று வீச்சு வீசுவேன். இந்த வருஷமும் பொங்கியது, கிழக்குப் பக்கமாகவே.