பன்னிரண்டரைக்கு மாறிய எண்

பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரப் பலகைகளை உலர்த்தும் ஆலை ஒன்று உண்டு. பலகைகளை அடுக்கி நீராவியால் சூடேற்றும் பெரிய அறையை அங்கே சேம்பர் என்பார்கள். அதன் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில் ஏதோ கோளாறு என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கருவியைப் பொருத்தியவன் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். முந்தின வருடம் பேருந்தில் உட்கார்ந்தபடியே இறந்துபோனான். அவன் பார்த்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாக எனக்கு வந்துகொண்டிருந்தன. எந்தப் பேனலைத் திறந்தாலும் வயர்களில் ஒட்டிய வெள்ளை டேப்பில் அவனுடைய சாய்ந்த கையெழுத்து இருக்கும். அதைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகியிருந்தேன்.

"மத்தியானம் ஆனா சூடு தானா இறங்குது சாறே. பலகை காய ரெண்டு நாள் கூடுதல் ஆவுது," என்றார் முதலாளி. சார் என்பது அந்தப் பக்கத்தில் சாறு.

கருவிக்குள் ரிஜிஸ்டர்கள் உண்டு. இலக்கமிட்ட சின்னச் சின்ன அறைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். இரண்டு வயர்களை இணைத்து லேப்டாப்பிலிருந்து கேட்டால் கருவி அந்த எண்ணைச் சொல்லும். வேறு எண்ணை எழுதினால் அதன்படி நடக்கும். எவ்வளவு சூடு வேண்டும் என்ற ரிஜிஸ்டரில் 650 இருந்தது. பத்தால் வகுத்தால் அறுபத்தைந்து டிகிரி. சரியாகத்தான் இருந்தது. காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு அது 400 ஆனது.

கருவியின் பக்கத்தில் யாரும் இல்லை. நான் எதையும் தொடவில்லை. மறுபடி படித்தேன், 400. சேம்பரின் நீராவி வால்வு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

தினமும் உள்ளே போய் மாதிரிப் பலகைகளை எடுத்து எடை போடும் அக்கா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "மத்த சாறு வந்தாச்சு."

"எந்த சாறு?"

"செத்துப்போன சாறாக்கும். பன்னண்டரைக்கு வந்து சூட்டத் தணுக்க வைப்பாரு. நான் உள்ள போயிட்டு வந்த பொறவு போவாரு."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்குக் கழுத்தின் பின்புறம் சிலிர்த்தது. சிலிர்த்ததே எனக்குக் கோபத்தைக் கொடுத்தது. பேனலுக்குள் தலையை விட்டுத் தேடினேன். நான் இணைத்த வயர்களுக்குக் கீழே இன்னொரு ஜோடி இருந்தது. சுவர் வழியாக எங்கோ ஏறிப் போனது.

"இது எங்க போவுது?"

"பழைய கம்ப்யூட்டருக்கு. அது கெட்டுப்போச்சு," என்றார் முதலாளி.

நான் போய்ப் பார்க்கவில்லை. அதற்குள் அக்கா மாதிரிப் பலகைகளோடு சேம்பரிலிருந்து வெளியே வந்திருந்தார். இரண்டு திருகுகளைத் தளர்த்தி அந்த வயர்களை உருவினேன். 650 என்று மறுபடி எழுதினேன். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். எண் மாறவில்லை. முதலாளிக்குச் சந்தோஷம்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அவர் போன் செய்தார். அக்கா கதவைத் திறந்து உள்ளே போனதும் நீராவி சீறி அடித்திருக்கிறது. வலது கையும் கன்னமும் வெந்துவிட்டன. நெய்யாற்றின்கரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

"என்ன சாறே இது, எப்பிடி?"

"வால்வு இறுகியிருக்கும்," என்றேன். பொய்தான். கதவு திறந்தால் உள்ளே சூடு குறையும். குறைந்த சூட்டை ஈடுகட்டக் கருவி நீராவியை முழுதாகத் திறந்துவிடும். நீராவிக் குழாய் கதவோரத்தில் இருந்தது. போன் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

நேராக ஆலைக்குப் போய்ப் பின்னறையைத் திறக்கச் சொன்னேன். கிழிந்த சாக்குக்கு அடியில் அந்தக் கம்ப்யூட்டர். திரைதான் கெட்டிருந்தது. பெட்டியைத் தொட்டேன், சூடாக இருந்தது. வேறொரு திரையைக் கொண்டுவந்து மாட்டினேன். அவன் எழுதிய நிரல் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு 400. ஒன்றேகாலுக்கு 650. அதற்கு மேலே ஒரு வரிக் குறிப்பு: கதவு திறக்கும் நேரம், ஸ்டீம் வரக் கூடாது. கீழே, எழுத முடியவில்லை, பதில் இல்லை என்ற செய்தி வரிவரியாக ஏறிக்கொண்டே இருந்தது. முந்தின நாள் நான் வயரை உருவிய பின்பு, ஒன்றேகாலுக்குத் தொடங்கியது. அன்று பன்னிரண்டரைக்கு மேலும் பல வரிகள். எழுதப் பார்த்து, முடியாமல், மறுபடி மறுபடி எழுதப் பார்த்திருக்கிறது. அந்த அறையில் என்னால் நிற்க முடியவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் கை முழுக்கக் கட்டு. என்னைக் கண்டதும் கேட்டார்:

"அவரு இன்னைக்கு வரல்லியே சாறே?"

"வயர நான்தான் கழத்துனேன் அக்கா."

அவர் மெதுவாகச் சொன்னார். "முன்ன ஒருக்கா இதே மாதிரி ஆவி அடிச்சு, மயிரிழையில தப்புனேன். கதவுல ஒரு சுவிட்ச் வைக்கணும்னு அந்த சாறு மொதலாளிட்ட எத்தற தடவ கேட்டாரு தெரியுமா? நடக்கல்ல. 'நீ பன்னண்டரைக்குத் தான் உள்ள போவணும், அப்போ நான் பாத்துக்கிடுதேன்'னு சொன்னாரு. அவரு செத்த பொறவும் தணுத்துச்சு. நான் வேற என்னத்த நினைப்பேன்? நேத்து உங்கள்ட்ட சொன்னேனே."

சொல்லியிருந்தார்.

முதலாளியிடம் அன்றே உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, கண்ணையும் பார்க்கவில்லை. அந்த வாரமே கதவில் சுவிட்ச் பொருத்தினேன். இப்போது கதவு திறந்தால் வால்வு மூடிவிடும். பழைய கம்ப்யூட்டரை நான்தான் அணைத்தேன். அதன் விசிறி நிற்கும்வரை கையை எடுக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். கன்னம் ஆறிவிட்டது. கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வெளுத்துக் கிடக்கிறது. சேம்பருக்குள் போக மாட்டேன் என்று சொல்லி, பலகை அடுக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டார். நான் போகும்போதெல்லாம் "சாறே, சாயா குடிச்சீளா?" என்று பழையபடி கேட்பார். ஆனால் நான் பேனலைத் திறந்தால் கையிலிருக்கும் பலகையைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். நான் மூடும்வரை வெயிலிலேயே நிற்பார். பயப்பட வேண்டாம் என்று இதுவரை நான் சொன்னதில்லை.