சர்க்கரை டப்பாவில் இரண்டு பிள்ளைப்பூச்சிகள்

எல்லோரும் அவரைப் புல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கால்பந்து மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதைப் பற்றியே பேசி அடுத்தவர் உயிரை எடுப்பது அவர் பொழுதுபோக்கு.

அந்த மழைக்காலத்தில் கோல் கம்பத்தருகே மண் வரிவரியாகப் புடைத்துக்கொண்டு வந்தது. மிதித்தால் கால் உள்ளே போனது.

"பிள்ளைப்பூச்சி வேரைத் தின்னுது. எனக்குத் தெரியாததா?" என்று தவிட்டில் மருந்தைக் கலந்து தூவினார். புடைப்பு குறைவேனா என்றது. மைதான மேலாளர் வந்து பார்த்தார். "மாசக் கடைசிவரைக்கும் பாக்குறேன். சரியாகலேன்னா பிளாஸ்டிக் புல்லு போட்டுடலாம்."

பிளாஸ்டிக்குக்குத் தண்ணீரும் வேண்டாம், புல்லுக்காரரும் வேண்டாம்.

மறுநாள் சோப்புத் தண்ணீரை ஊற்றியதும் இரண்டு பூச்சிகள் மேலே வந்தன. ஒன்று வெளிர் பழுப்பு, மற்றது கொஞ்சம் கறுப்பு. எல்லாம் ஒரே குடும்பம்தானே என்று இரண்டையும் மனைவியின் காலி சர்க்கரை டப்பாவில் போட்டு, எப்படித் தின்கிறது பார்ப்போம் என்று ஒரு பிடி புல்லையும் வைத்தார்.

காலையில் மனைவி போட்ட கூச்சலில்தான் கண் விழித்தார்.

"என்னங்க, என் டப்பாவுல என்ன இது! ஒண்ணுதான் உசுரோட இருக்கு. இன்னொண்ணோட காலு மட்டும் கெடக்கு. புல்லு அப்படியே இருக்கு."

புல்லுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கிடந்த முன்னங்காலில் மண் தோண்டும் இரண்டு நகங்களும் கிட்டத்தட்ட ஒட்டியிருந்தன. உயிரோடிருந்த கறுப்பனுக்கோ நடுவே நல்ல இடைவெளி.

"அடடா, இது வேற ஜாதி. புழு பூச்சியைத் தேடித்தான் மண்ணைக் குடையுது. நம்ம மைதானத்துல இதுதான் பெருகிடுச்சு போல."

மனைவி சிரித்தேவிட்டாள். "கறி தின்னுறவனுக்குத் தவிட்டை வெச்சா எவன் தொடுவான்?"

மேலாளரிடம் போய், "தப்பு என் மேலதான் சார், ஆளை மாத்திப் புடிச்சிட்டேன்" என்றார். புல்லுக்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லைக் கேட்டறியாத மேலாளர், "சரி, மாசக் கடைசி இன்னும் வரலையே" என்றார்.

அப்புறம் தினமும் சாயங்காலம் சோப்புத் தண்ணீர்தான். மனைவியும் வாளி தூக்கினாள். மேலே வந்ததையெல்லாம் பொறுக்கிவிட்டு, உருளையை உருட்டிப் புடைப்பை அமுக்கினார்கள்.

மாதக் கடைசியில் மேலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல்வரை நடந்தார். "அடுத்த மேட்ச் இங்கதான். பிளாஸ்டிக் பேச்சை விடுங்க."

புல்லுக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு புது சர்க்கரை டப்பா வாங்கிப்போய் மனைவியிடம் நீட்டினார். அவள் பழைய டப்பாவைத் துடைத்து அவர் பையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு. புல்லு இருக்கிறவரைக்கும் பூச்சியும் வரும்."

அன்று முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார்.