இரண்டாவது தட்டு நான்தான்

ஆய்வகத்தில் அவருக்குப் பம்பர அக்கா என்று பெயர். ஓரிடத்தில் கால் தரிக்காது. இதயத் தசைச் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பது வேலை. ஞாயிறோ காய்ச்சலோ, அதுகளுக்கு நேரத்துக்கு ஊட்டநீர் மாற்றியாக வேண்டும். பெற்ற பிள்ளைகூடப் பசி பொறுக்கும்.

ஆனால் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தவர் வீட்டுக்காரர். சரக்கு வண்டி ஓட்டுபவர். ரத்த அழுத்தத்தால் இதயச் சுவர் தடித்துவிட்டது என்று மருத்துவர் மாத்திரை கொடுக்க, கொஞ்ச நாள் போட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கேன்" என்று மனுஷர் நிறுத்திக்கொண்டார்.

கெஞ்சி அலுத்துப்போய், கையோடு ஆய்வகத்துக்கு இழுத்து வந்து நுண்ணோக்கியில் காட்டினார் அக்கா. முதல் தட்டில் செல்கள் சிறிதாக, சீராகத் துடித்தன. இரண்டாவதில், பதற்றத்தில் உடம்பு சுரக்கும் ஹார்மோனை விட்டிருந்தார்கள். செல்கள் புடைத்துக் கிடந்தன.

"இதுதான்மா ஆளு! என்னை மாதிரி" என்றார் மனுஷர்.

"ஏங்க, அது பலம் இல்ல, வீக்கம். பாரம் ஏறினா இந்தச் செல்லுக்கு ஒண்ணு ரெண்டாப் பெருக வராது. இருக்கறதே ஊதும். கருவுல வேலை செஞ்ச பழைய மரபணுவையெல்லாம் மறுபடி தட்டி எழுப்பும்."

"அப்ப எனக்கு வயசு குறையுது!"

"ஆமா, மீசை வெச்ச குழந்தை. போகப் போக இந்தச் செல்லு ஓய்ஞ்சு செத்துடும்."

"பாப்போம். ரெண்டாவது தட்டு நான்தான். மருந்தில்லாமலே தாங்கும், பந்தயம்!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

வந்தது வினை. அந்தத் தட்டை மருந்தில்லாமல் கடைசிவரை விட்டுப் பார்ப்பதுதான் சோதனையே. அக்காவோ திறப்பார், பார்ப்பார், மூடுவார், தண்ணீர் குடிப்பார், மறுபடி திறப்பார். துடிப்பு தாறுமாறான அன்று, ஹார்மோனைத் தடுக்கும் மருந்தை அதில் விட்டேவிட்டார். புருஷன் விழுங்காத மருந்தைத் தட்டுக்குப் புகட்டிய பெருமை உலகில் வேறு யாருக்கு உண்டு?

மறுநாள் ஆய்வுத் தலைவியிடம் தானே போய்ச் சொன்னார்.

"என்னக்கா, மொதல்லேர்ந்து செய்யணுமே! ஏன் இப்படி?"

"அது எங்க வீட்டுக்காரர்மா."

தலைவி தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அவருக்கு மருந்து குடுங்க. தட்டை விட்டுடுங்க."

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மனுஷர் முதலில் கேட்டது: "தட்டு பொழச்சுதா?"

"துடிப்பு சீராயிடுச்சு. வீக்கமும் கொஞ்சம் வடிஞ்சிருக்கு."

"பந்தயத்துல ஏமாத்திட்ட."

"ஆமா. வேலையே போயிருக்கும்."

மனுஷர் எழுந்து அலமாரியைத் துழாவிக்கொண்டே, "மாத்திரை எங்க வெச்ச?" என்றார்.

அக்காவின் உள்ளங்கையில் அது ஏற்கெனவே வியர்த்துக் கிடந்தது. அவர் விழுங்கி முடிக்குமுன்பே அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏம்மா, ஒரே மாத்திரையில என்ன தெரியும்?"

"பேசாம இருங்க. எண்ணிட்டிருக்கேன்."