கம்பி மூடிக்குக் கீழே ஒரு சண்டை

சலூன்காரருக்குத் தெருவில் பெருச்சாளி என்று பெயர். வாரம் முழுக்க முடி வெட்டுவார். ஞாயிறு மதியம் கடையைச் சாத்தியதும் ரப்பர் பூட்சும் டார்ச்சுமாக ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடுவார். நகரத்து மழைத்தண்ணீரெல்லாம் ஆற்றில் வந்து விழும் கால்வாய் வாய் அங்கேதான் இருக்கிறது. வானம் வெளுத்திருந்தால் அதற்குள் நுழைந்து, சுரங்கம் சுரங்கமாகச் சுற்றிவிட்டு, முழங்கால் வரை சேறோடும் முகம் நிறையச் சிரிப்போடும் திரும்புவார். இந்த ஒரு கிறுக்கைத் தவிர மற்றபடி நல்ல மனிதர்தான்.

வீட்டில் இரண்டே அறை. அப்பா, அம்மா, தம்பி குடும்பம், பிள்ளைகள் என்று கால் நீட்ட இடமில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் மனைவி குரலை உயர்த்தியதே இல்லை. ஊர் அதை அடக்கம் என்று மெச்சியது. உயர்த்த இடமில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"வீட்டுல இல்லாதது அங்க அப்படி என்னங்க இருக்கு?" என்று ஒரு ஞாயிறு அவளும் கூடவே இறங்கினாள்.

உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம். சாக்கடை நாற்றம் இல்லை. பழைய செங்கல் வளைவு, ஈர வாசம், எங்கோ சொட்டும் தண்ணீர். சுரங்கங்கள் கூடும் ஓரிடத்தில் மேலே இருந்த கம்பி மூடி வழியாக வெயில் கோடு கோடாக விழுந்தது. கீழே எந்த வழி எங்கே திரும்பும் என்பது அவருக்கு அத்துப்படி. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"இங்க ஒரு ஈ காக்கா கிடையாது," என்றார் பெருமையாக.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "அப்படின்னா கேளுங்க. நமக்குன்னு தனியா ஒரு ரூம் வேணும். சலூன் மாடி காலியாத்தானே கிடக்கு? அத்தைகிட்ட கேக்க உங்களுக்கு வாய் இல்லையா?"

சுரங்கமும் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கோ, வாய்விட்டுக் கத்தியதில் முகமே மலர்ந்துவிட்டது. அதன்பின் ஞாயிறுதோறும் இருவரும் இறங்கினார்கள். புதிது புதிதாகச் சுரங்கம் பார்த்துவிட்டு, அந்த வெளிச்சத்தடியில் நின்று ஆசைதீரச் சண்டை போட்டார்கள். "சரி, இந்த வாரம் கட்டாயம் சொல்றேன்," என்பார். மேலே வந்து அம்மா முகத்தைப் பார்த்ததும் அந்த வீரம் காற்றில் பறந்துவிடும். மூத்தவன் தனிக்குடித்தனம் போனால் அம்மா உடைந்துபோவாள் என்று பயம்.

இதற்கிடையில் சலூனில் ஒரு விசித்திரம். முகத்தில் சோப்பு நுரையோடு காய்கறிக்காரர், "மாடி ரூம்ல காத்து பிச்சுக்கிட்டு வருமாமே," என்பார். தையல்காரர், "நல்ல விஷயத்தைத் தள்ளிப்போடாதீங்க அண்ணே," என்பார். இவரும் ஆமாம் போட்டுவிட்டுக் கத்தரியைத் தேடுவார்.

ஒரு ஞாயிறு அவள் கத்தவில்லை. "இனிமே நான் வரலைங்க. இங்க பேசுறது எதுவும் மேல ஏறி வர்றதில்ல," என்றாள் மெல்ல. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அவளோடு நேரே அம்மா முன்னால் போய் நின்றார்.

"அம்மா, அந்த மாடி ரூம்..."

அப்போதுதான் கடைக்குப் போய்வந்த அம்மா பையைக் கீழே வைத்தாள். "ஒருவழியா வாயைத் திறந்தியா? நீங்க கத்துற இடத்துக்கு நேர் மேலதான்டா காய்கறிக் கடை. வாராவாரம் பாதி மார்க்கெட்டு அந்தக் கம்பி மூடியைச் சுத்தித்தான் நிக்குது. எனக்கு உக்கார ஸ்டூல் வேற போட்டுக் குடுத்துட்டாங்க."

சலூன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதல் நாள் எனக்கு வயிறு எரிஞ்சுது, பொய் சொல்லல. என்னை எப்போ திட்டுவாளோன்னு காத்துக்கிட்டே இருந்தேன். உன்னைத் திட்டுனா, இந்த வீட்டைத் திட்டுனா. என்னை ஒரு வார்த்தை சொல்லலடா." அம்மா கண் கலங்க மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாடிக்காரர்கிட்ட நான் பேசியாச்சு. வெள்ளையடிச்சதும் போங்க. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை என்னையும் கீழ கூட்டிட்டுப் போகணும்."

"உனக்கு எதுக்கும்மா?"

"கல்யாணமான நாள்லேருந்து உங்கப்பாகிட்ட சொல்ல வேண்டியது கொஞ்சம் பாக்கி இருக்கு."

நாற்காலியில் இருந்த அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "அப்ப நானும் இறங்கணுமா?"

"வேண்டாம். நீங்க மேல அந்த ஸ்டூல்ல உக்காருங்க," என்றாள் அம்மா.