எல்லாவற்றுக்கும் ‘இல்லை’

போன மாதம் என் மூத்த மகனைப் பொலிஸிலிருந்து கூட்டி வந்தேன். என்ன குற்றம் செய்தான்? அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு பஸ் ஏறினான். அவ்வளவுதான்!

குண்டசாலையில் வீடு, கண்டி டவுனில் வேலை. நடுவில் செக்பொயிண்ட். இந்தக் காலத்தில் அட்டை இல்லாத தமிழன் என்றால்... சொல்லவா வேண்டும்? பகல் முழுக்க மர வாங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் போய்த்தான் வெளியே எடுத்தேன். என்னால் முடியும். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து ஐந்தாம் வகுப்போடு இறங்கி வந்து, இரும்புக்கடை போட்டு, எண்பத்து மூன்று கலவரத்தில் அது எரிந்துபோக, அதைவிடப் பெரிதாய் இரண்டு கடை போட்டவன் நான். டவுனில் என் முகத்தைத் தெரியாதவன் கிடையாது. ஆனால், எனக்குப் பிறகு? அடுத்த தடவை யார் போய் அவனை வெளியே எடுப்பது?

அவனுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. கெட்டவனும் இல்லை, முட்டாளும் இல்லை. மறதி! குடை, சாவி, சாப்பாட்டுப் பெட்டி — எதுவும் கையில் நிற்காது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

அம்பிட்டியவில் ஒரு மனநல டொக்டர். யாழ்ப்பாணத்து அம்மா. அவரிடம் கூட்டிப் போனேன்.

“ஐயா, இது கவனக்குறைபாடா இருக்கலாம். பெரிய ஆக்களுக்கும் இருக்கும். ஆனா பயத்திலயும் பதகளிப்பிலயும் மனச்சோர்விலயும் ஆக்கள் இப்பிடித்தான் மறப்பினம். எது எண்டு பிரிச்சுப் பாராமல் மருந்து தரேலாது.”

பிரித்துப் பார்க்கத்தான் ஒரு டெஸ்ட். ஆளின் சுபாவத்தை அளக்கிறதாம். பக்கம் பக்கமாய் வசனங்கள்; ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். மனிதனை அளக்கப் பேப்பரா? என் கடைக்கு ஆள் எடுக்கும்போது நான் முகத்தைத்தான் பார்ப்பேன். ஒருதரம்கூடத் தப்பியதில்லை. பெற்ற பிள்ளை விஷயத்தில்தான் அந்தக் கண் வேலை செய்வதில்லை... சரி, எழுதட்டும் என்றேன்.

அவன் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து டொக்டர் சிரித்துவிட்டார்.

“தம்பி, உமக்குக் கோபமே வாறேல்லை. பயமே இல்லை. ஒருத்தரிலயும் சந்தேகம் இல்லை. இப்பிடி ஒரு மனிசன் உலகத்தில இல்லையப்பா! ஆள் மறைக்கிறார் எண்டுதான் இந்த டெஸ்ட் சொல்லுது.”

“கேள்வின்னு வந்தா ‘இல்லை’ன்னு சொல்லியே பழகிருச்சு டொக்டர்” என்றான் இவன். “செக்பொயிண்ட்ல கேப்பாங்க, வடக்குல சொந்தம் இருக்கா? இல்லை. இவனைத் தெரியுமா? இல்லை. கை தானா அங்கதான் போகுது.”

திரும்ப எழுதச் சொன்னார். இந்த முறை உண்மையை எழுதினான். யாரோ என்னைக் கவனிக்கிறார்கள் — ஆம். கதவைத் தட்டினால் நெஞ்சு படபடக்கிறது — ஆம். அந்நியர்களை நம்பமாட்டேன் — ஆம்.

டொக்டர் இப்போது சிரிக்கவில்லை. “இதில நோய் எது, இந்த நாட்டில இருக்கிறதால வந்த பயம் எது எண்டு டெஸ்டுக்குத் தெரியாது. இருந்து கதைச்சுத்தான் பிரிக்கோணும். அடுத்த கிழமை வாங்கோ.”

நியாயமான பேச்சு. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் என் அறை வாசலில் வந்து நிற்கிறான் மகன்! தூங்கவேயில்லை என்று முகமே சொன்னது.

“அப்பா, அந்தப் பேப்பரைத் திருப்பி வாங்கணும். என் பேரு அதுல இருக்கு.”

எந்தெந்த வசனத்துக்கு ‘ஆம்’ போட்டான் என்று வரிசையாக ஒப்பிக்கிறான். அட்டையை மறக்கிறவனுக்கு இது மட்டும் எப்படி ஞாபகம் நிற்கிறது?

போனோம். டொக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: “தம்பி, இது என்ர அலுமாரிக்குள்ள பூட்டித்தான் கிடக்கும். ஒருத்தரும் பாக்க மாட்டினம்.”

“அவங்க வந்து அலுமாரியைத் திறங்கன்னு சொன்னா, நீங்க திறக்கமாட்டீங்களா டொக்டர்?”

அந்த அம்மா எழுந்துபோய், இரண்டாவது தாளை எடுத்து வந்து கொடுத்தார்.

இவன் வாங்கிக்கொண்டு சொல்கிறான்: “ஃபைல்ல அந்த முதல் பேப்பரையே வைங்க. அதுதான் நல்லது.”

“அப்ப மருந்து?” என்றேன் நான்.

“இப்ப ஏலாது ஐயா” என்றார் டொக்டர். “அவர் கதைக்கத் துணிஞ்சா வரட்டும்.”

இவன் இன்னும் துணியவில்லை. யாரைக் கோபிப்பது சொல்லுங்கள்? டெஸ்டில் பிழையில்லை. டொக்டரிலும் பிழையில்லை. வாயைத் திறந்தால் வில்லங்கம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துத்தானே இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்?

நேற்றும் அட்டை டீவி மேலேயே கிடந்தது. மருமகள் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஹோல்ட் வரைக்கும் ஓடினாள்.

தாளை அன்றைக்கே எரித்துவிட்டோம். நோய் மட்டும் பத்திரமாக இருக்கிறது.