மணிச் சத்தத்துக்கு ஒரு திட்டம்

ஆம்பூரில் தோல் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தொடக்கப்பள்ளிக்கு வாரம் ஒருமுறை சிறப்பாசிரியையாகப் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமி இருந்தாள். பேச்சு கிடையாது. பள்ளி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பிறகு அன்று முழுவதும் யாரும் அவள் பக்கத்தில் போக முடியாது.

அவளுக்கென்று தனிக் கற்றல் திட்டம் எழுத உட்கார்ந்தபோது அவளுடைய அம்மாவையும் வரச் சொன்னேன். ஷூ கம்பெனியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். விரல்களில் பசை காய்ந்திருந்தது.

"வீட்ல தண்ணி வேணும்னா என்ன செய்வா?" என்று கேட்டேன்.

"என் கையப் புடிச்சி கொடத்துகிட்ட இழுத்துட்டுப் போவா டீச்சர். நாங்க பானின்னுதான் சொல்றது. தண்ணின்னா அவளுக்குப் புரியாது."

அதனால் வேண்டியதை எடுத்துக் காட்டிக் கேட்பதற்கான பட அட்டைகளைத் தமிழோடு வீட்டு உருதுவிலும் சொல்லிப் பழக்கினோம். வகுப்பாசிரியை நல்லவர். மணி அடிப்பதற்கு முன்பே மணிப் படத்தைக் காட்டி, பீரோவுக்குப் பின்னால் விரித்த பாய்க்கு அவளை அழைத்துப் போய்விடுவார். மழைக்காலம் முடிவதற்குள் அலறல் குறைந்தது. ஒருநாள் அவளாகவே எழுந்து வந்து குடத்துப் படத்தை என் மடியில் வைத்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடியும் வைத்தாள். வயிறு முட்டும்வரை கேட்டுக் கேட்டுக் குடித்தாள். கேட்டால் கிடைக்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை போலும்.

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் அந்த ஆசிரியைக்கு ஜோலார்பேட்டைப் பக்கம் மாறுதல் வந்தது. பதிலுக்கு ஆள் போடவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியரே இரண்டையும் பார்த்தார். பாய் இருந்த இடத்தில் பாடநூல் கட்டுகள் ஏறின. அவரிடம் திட்டத்தை விளக்கினேன்.

"படிச்சேன் மேடம். இத்தினி பசங்கள வெச்சிக்கினு மணிக்கு முன்னாடி அவகிட்ட எப்படி ஓடுறது?"

அவர் சொன்னது உண்மைதான்.

ஒருநாள் மணிச் சத்தத்தில் மிரண்டு, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினாள். கம்பெனி பஸ் ஒன்று சடாரென்று பிரேக் போட்டு நின்றது. அடி எதுவும் படவில்லை. மறுநாள் தலைமையாசிரியை அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டார். "எதாவது ஆய்ட்டா யாரும்மா பதில் சொல்றது? வூட்லயே வெச்சிக்கோ."

வீட்டிலிருந்தே பயிற்சி என்று மாற்றிவிட்டார்கள். மேலிடம்வரை போய்ப் பேசினேன். "ஆள் இல்ல மேடம்" என்ற ஒரே பதில்தான் வந்தது.

அம்மா கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஷூவின் மேல்தோலை வீட்டுக்கு வாங்கிவந்து கையால் தைக்க ஆரம்பித்தார். மாதம் ஒருமுறை அந்த ஒற்றை அறைக்குப் போவேன். அவள் அட்டைகளைத் தொடுவதையே விட்டுவிட்டாள். சுவரில் தலையை மோதிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள்.

கடைசியாகப் போனபோது அம்மா தைத்தபடியே கேட்டார்.

"வர்ற வருசமாச்சும் சேத்துக்குவாங்களா டீச்சர்?"

"கேட்டுட்டேதான் இருக்கேம்மா."

"இன்னா சொல்றாங்க?"

சிறுமி சுவர்ப்பக்கம் திரும்பினாள். அம்மா தையலைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி, அவள் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்தார்.