மறு மாதம் வராதவர்கள்

ஃபேசியல் என்பது ஒரு தடவை செய்தால் பாதி வேலை, மாதம் தவறாமல் செய்தால்தான் முழு வேலை; ஏற்காட்டில் ஒன்பது மாதம் நான் பாதி வேலை மட்டுமே பார்த்தேன். இன்சூரன்ஸ் பிடிப்பவர்கள், பல் டாக்டர்கள், இந்தி டியூஷன் எடுப்பவர்கள் என்று, 'தொடர்ந்து வந்தால்தான் பலன்' என்று சொல்லிப் பிழைக்கும் அத்தனை பேரும் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்வீர்கள்.

நான் நாகலூர்க்காரி. எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள். பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்து, வேலை கிடைக்காமல், சேலத்தில் பியூட்டீஷியன் கோர்ஸ் படித்தேன். சேலத்து மேடம் ஒருவர் ஏற்காட்டில் பார்லர் திறந்து என்னை வேலைக்கு வைத்தார். சீசன் முடிவதற்குள் மாதா மாதம் வருகிறவர்கள் ஐந்து பேராவது சேராவிட்டால் கடையை மூடிவிடுவதாகச் சொல்லித்தான் வைத்தார். வீட்டில் என் தங்கை பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அப்பா சொல்லியிருந்தார்: "நீ படிச்சு என்ன ஆவறீன்னு பாத்துட்டுத்தான் சின்னவளக் காலேஜுல சேக்கறது, கண்ணு."

ஆவி

முதல் வாரம் வந்தவர் பஸ் ஸ்டாண்டு அருகே மளிகைக்கடை வைத்திருப்பவரின் மனைவி. கிளென்சிங் முடித்து, ஆவி பிடிக்கும் ஸ்டீமரை முகத்துக்கு நேராகத் திருப்பியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க, தண்ணியில நீலகிரித் தைலம் போடலீங்களா?" என்றார். இது சளிக்கு இல்லை, தோலின் துவாரங்கள் திறப்பதற்கு என்று கோர்ஸில் படித்ததை அப்படியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஸ்டீமருக்கு நேராகக் குனிந்தார். முக்கால் மணி நேரம் நான் தேய்த்த எதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

கண்ணாடியைக் காட்டினேன். கன்னம் பளிச்சென்றுதான் இருந்தது. அவர் கண்ணாடியைப் பார்க்காமல் மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தார். அடுத்த மாதம் எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று நோட்டைத் திறந்தேன். "தேதி எப்புடீங்க சொல்றது? சளி புடிச்சா வர்றனுங்க" என்றார்.

ஒரே ஊசி

தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை புதிதாகிறது, அதனால்தான் மாதம் ஒரு ஃபேசியல் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மலைக் காற்றில் கன்னம் வெடிக்கிறவர்களுக்கு இது உண்மையாகவே நல்லது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவரின் மனைவியிடம் இதைப் படம் வரைந்து விளக்கினேன். எவ்வளவு நேரமானாலும் அவரைச் சேர்த்துவிடுவது என்று எனக்குள் ஒரு வெறி.

அவர் படத்தை வாங்கி வைத்துக்கொண்டார். யோசித்தார். என்னைப் புண்படுத்தக் கூடாது என்ற கவனத்தோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரு ஊசியில காச்ச நிக்கலீன்னா நாங்க டாக்டர மாத்திருவமுங்க. நீங்க மறுபடி வரச் சொல்றீங்கன்னா, இன்னிக்குச் செஞ்சது சரியா அமையலீன்னுதானுங்களே அர்த்தம்?"

கேள்வியும் பதிலும்

பார்லரில் என்னோடு இருந்தவர் லீலா அக்கா. சேலத்துக்காரர். முடி வெட்டுவதும் புருவம் திருத்துவதும் அவர் பொறுப்பு. ஒரு நாள் லாட்ஜ் நடத்துகிறவரின் மகள் வந்தாள். ஒரு வருடம் மாதா மாதம் வருவதாகத் திட்டம் போட்டு வந்திருந்தாள். நாற்காலியில் சாயுமுன் ஒன்றே ஒன்று கேட்டாள்: "செவப்பாயிருவனுங்களா?"

நான் இல்லை என்றேன். அழுக்கு போகும், ரத்த ஓட்டம் நன்றாகும், வறட்சி குறையும், ஆனால் நிறம் மாறாது என்றேன். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். லீலா அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "தொடர்ந்து செய்ங்க, பாக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டதுக்கெல்லாம் பதில் எழுதறதுக்கு இது என்ன பரிச்ச ஹாலா, கண்ணு?"

ஒரே ஒருத்தி

மாதம் தவறாமல் வந்தவள் கோமதி ஒருத்திதான். கொட்டச்சேட்டிலிருந்து பஸ் ஏறி வருவாள். இரண்டாம் மாதம் அவள் வந்தபோது நோட்டில் அவள் பெயருக்குக் கீழே கோடு போட்டேன். மூன்றாம் மாதம் அவள் பெயரை மேடத்துக்குக் கடிதத்தில் எழுதினேன். தங்கையிடம், "ஒண்ணு சேந்திருச்சு, இன்னும் நாலு" என்று சொன்னேன். அவளும் விரலை மடக்கிக் காட்டிச் சிரித்தாள்.

நான்காம் மாதம்தான் காரணம் தெரிந்தது. மாதம் ஒரு வீட்டார் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஊருக்குப் போய், பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அடுத்த வீட்டார் வருவதற்கு முந்தைய நாள் அவள் என்னிடம் வருகிறாள். அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். மூக்கோரத்துக் கரும்புள்ளிகள் போயிருந்தன, கன்னத்து வெடிப்பு ஆறியிருந்தது. தொடர்ந்து செய்தால் என்ன ஆகும் என்று கோர்ஸில் சொன்னதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதை அவளிடம் சொன்னேன். கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ஆமாங்க அக்கா. அவங்க வேண்டாம் வேண்டாம்ங்க, எம் மூஞ்சி மட்டும் நொம்ப நல்லாத்தான் ஆயிக்கிட்டு வருது."

சொல்லாமல் வந்தவர்கள்

ஐந்தாம் மாதமும் வந்தாள். ஆறாம் மாதம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் ஸ்டீமரில் தண்ணீர் ஊற்றினேன். இந்த இடமும் தட்டிப்போயிருக்கும், அடுத்தவர்கள் வருகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுத முடியவில்லை.

அவள் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்டார்களாம். வாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தவளை, தலையில் கட்டிய துண்டோடு பார்த்து, அங்கேயே சரி என்றார்களாம். ஐந்து மாத வேலை அந்தத் தோலில் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதனால்தானா என்பது எனக்கே நிச்சயமில்லை, சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது வா என்று மட்டும் கேட்டேன். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. "வேண்டாங்க அக்கா. நீங்க செய்யாத மூஞ்சியத்தான் அவங்க பாத்தாங்க, அது அப்படியே இருக்கட்டும்னு அம்மா சொல்லிப்போட்டாங்க."

பேக்

சீசன் முடிந்தது. மேடம் சேலத்திலிருந்து மேலே வந்து நோட்டைப் புரட்டிவிட்டு, என்னைக் கோபித்துக்கொள்ளாமலேயே கடையை மூடச் சொன்னார். வீட்டில் சொன்னேன். அப்பாவும் கோபப்படவில்லை. தங்கை வாங்கி வைத்திருந்த காலேஜ் விண்ணப்பத்தை நான்காக மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, அவளுக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் எங்கே இருக்கிறது என்று என்னிடமே விசாரித்தார். தங்கை அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் என்னிடம் விரல் மடக்கி எதையும் காட்டியதில்லை.

சாமான் ஏற்றும் வண்டி குப்பனூர் ரோட்டில் ஏறி வர நேரமாகும் என்றார்கள். லீலா அக்கா என்னை நாற்காலியில் சாயச் சொன்னார். மீதியிருந்த கிரீம்களையெல்லாம் வழித்து எனக்கு ஃபேசியல் செய்தார். அதுவரை என் முகத்துக்கு யாரும் செய்ததில்லை, நானும் கேட்டதில்லை. கடைசியாக முகம் முழுக்கப் பேக் பூசி, காய்கிறவரை முகத்தை அசைக்காதே என்றார். வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. நான் தங்கையை நினைத்தேன். அக்கா பஞ்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தார். "அழுவாத சாமி. பேக்கு வெடிச்சுப்போயிரும்."

மாதம் ஒரு முறை ஃபேசியல் செய்துகொள்வது முகத்துக்கு மிகவும் நல்லது என்று நான் இன்றும் மனதார நம்புகிறேன். மறு மாதம் போகாதவர்களின் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.